வரைபடத்தில் வெளுத்த ஊர்

"இங்கதான்" என்று சாரூன் விரலை வைத்த இடம், அந்த வரைபடத்திலேயே மிக வெளுத்த இடம்.

மகள் சோதியாவுக்குப் பகீரென்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் எந்த ஊரில் ஆசியர்கள் எவ்வளவு பேர் என்று நிறம் தீட்டிக் காட்டும் படம் அது. ஆள் அதிகமென்றால் அடர்சிவப்பு, குறையக் குறைய ரோஜா, இல்லவே இல்லையென்றால் வெள்ளை. வீடு மாறியே தீருவேன் என்று அம்மா அடம்பிடித்ததால், சிவப்பில் ஏதாவது ஒன்றைக் காட்டிப் பேச்சை முடித்துவிடலாம் என்று அவள்தான் அதை எடுத்து வந்திருந்தாள்.

"ஹார்லோ ஹில்ஸா? அங்க நம்ம பக்கத்து முகமே கிடையாதும்மா. மான்டரே பார்க்கைப் பாரு, செரிட்டோஸைப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு!"

"செவப்பு அடிச்சவன் சீனன், கொரியாக்காரன், கம்போடியாலேர்ந்து வந்த நம்ம கெமர் ஜனம் எல்லாத்தையும் ஒரே டப்பால கொட்டிட்டான். மான்டரே பார்க்ல போய் நான் யாரோட பேசறது? மீன் வெல கேக்கவே கைஜாடை காட்டணும்."

"அப்ப லாங் பீச்சுலயே இரேன். தெருவெல்லாம் நம்ம கம்போடியா சனம். ஹார்லோல நம்மாளு ஒருத்தர்கூட இல்லம்மா!"

"தெரியும்டி. அதுக்குத்தானே போறேன்."

சோதியா வரைபடத்தை மடித்து வைத்தாள். புத்தாண்டுக்கு மட்டும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிற அவளுக்கும் விஷயம் ஓரளவு காதுக்கு வந்திருந்தது. புத்தர் கோயிலைப் பெரிதாகக் கட்ட எங்கோ மனை பார்த்தார்கள், அது தட்டிப்போனது. அன்று கூடிப் பேசியபோது அம்மா மேஜையைத் தட்டிக் கத்தினாளாம், அவளுடைய உயிர்த்தோழி கிம்லி விசும்பி விசும்பி அழுதாளாம். அதன் பிறகுதான் இந்த வீடு மாறும் பைத்தியம் பிடித்தது. சொந்த சனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு உதறிவிட்டுப் போகிறாள் என்று சொல்ல ஜோசியமா வேண்டும்?

"பிக்குங்களுக்குச் சோறு யார் கொண்டு போவா? உச்சிப்பொழுது தாண்டினா அவங்க ஒரு பருக்கைகூடத் தொட மாட்டாங்கன்னு இத்தனை வருஷமா ஓடினியே. ஹார்லோலேர்ந்து எப்படி ஓடுவ?"

"இனிமே அவ்வளவு தூரம் தூக்குச்சட்டியோட அலையப்போறதில்ல" என்றாள் சாரூன். குரலில் துளி வருத்தம் இல்லை.

"தனிமரம் தோப்பாகுமாம்மா? திடீர்னு விழுந்து வெச்சா யாரு தூக்குவா?"

"கண்ணிவெடிக் காட்டைக் காலால நடந்து தாண்டி வந்தவடி நான். என்னை விழவெச்சுப் பாக்கணும்னு எவனுக்காவது ஆசை இருந்தா வரச்சொல்லு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளிடம் என்ன பேசுவது? சனிக்கிழமை காலை, சோதியா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அம்மாவைக் காரில் ஹார்லோ ஹில்ஸுக்கு அழைத்துப் போனாள். அப்பாவும் போய்விட்டார். இருக்கிற ஒரே அம்மா ஊர் பேர் தெரியாத இடத்தில் பேச்சுத்துணை இல்லாமல் வாடிப்போவாளே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினாள்.

அது புத்தம்புது அடுக்குமாடி. அதை நிர்வகிக்கும் ப்ரெண்டா என்ற வெள்ளைக்காரி வாய் நிறையச் சிரிப்போடு வீட்டைத் திறந்து காட்டினாள். சாரூன் படுக்கையறைப் பக்கமே போகவில்லை. நேராகப் போய் அடுப்பை ஆட்டிப் பார்த்தாள்.

"பெரிய பானை வெச்சா தாங்குமா?"

"தாராளமா" என்றாள் ப்ரெண்டா. "ஆனா ஒத்த ஆளுக்குப் பெரிய பானை எதுக்கும்மா?"

சாரூன் அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். "இந்தக் கட்டடத்துல வேற வீடு காலியா இருக்கா?"

"நெறைய! இன்னும் ஆள் வந்து சேரலை. உங்க தலைக்கு மேல யாரும் தடதடன்னு நடக்க மாட்டாங்க, நிம்மதியாத் தூங்கலாம்."

காலிக் கட்டடத்தில் அம்மா ஒண்டியாகப் படுத்திருப்பதை நினைத்ததும் சோதியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாரூனோ வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தைப் போட்டே விட்டாள்.

மகளின் கண் கலங்கியதைப் பார்த்த ப்ரெண்டா ஆறுதலாகத் தோளைத் தட்டினாள். "பயப்படாதம்மா, இது அமைதியான ஊரு. கண்டவங்களை உள்ள விட மாட்டோம். இப்பத்தான் எங்கேர்ந்தோ ஒரு கூட்டம் வந்து, அதோ அந்த மூலை மனைல புத்தர் கோயில் கட்டணும்னுச்சு. 'உங்காளு ஒருத்தர்கூட இந்த ஊர்ல குடியில்லையே, கோயில் யாருக்கு?'ன்னு நகர மன்றத்துல ஒரே கேள்விதான். பேச்சுமூச்சு இல்லாம திரும்பிப் போயிட்டாங்க."

சோதியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ப்ரெண்டாவுக்குப் புரியாத கெமர் மொழியில் சீறினாள்.

"அம்மா! நம்ம கோயிலைத் துரத்தின ஊரா இது? இவங்க நடுவுல வந்து உக்காரவா நம்ம சனத்தையே வேணாம்னு உதறின? மானம் ரோஷம் இருந்தா எழுந்திரு, போலாம்!"

சாரூன் அசையவில்லை. பேனாவை மூடப்போன ப்ரெண்டாவை, வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

"காலியா இருக்கற மத்த வீட்டையெல்லாம் காட்டச் சொல்லுடி. கிம்லியும் நம்ம கோயில் சனமும் கீழ வேன்ல காத்துட்டிருக்காங்க."