எட்டுக்கு அடுத்தது

“ஒரே ஒரு வரி. ‘படத்துல இருக்கிறது நான் இல்லை’னு மைக்குல சொல்லிடு. கத்துறவன் வாயெல்லாம் தானா அடைச்சுக்கும்” என்றார் மேனேஜர்.

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “சொல்ல மாட்டேன் சார்.”

இறுதிப் போட்டியின் இடைவேளை. இரண்டு அணியும் இன்னும் கோல் போடவில்லை. முதல் பாதி முழுக்க, கீப்பர் கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் எதிரணி ரசிகர்கள் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். எட்டு வரை நிதானமாக எண்ணிவிட்டு, “ஒம்போது!” என்று மைதானமே அதிரக் கத்தினார்கள். பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போதும் உடை மாற்றும் அறையின் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஒரு படம் செய்த வேலை. பேருந்து நிலையத்தில் யாரோ பின்னாலிருந்து எடுத்த படம் அது. இந்த அணியின் மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன், இன்னொருவனின் கையைக் கோத்தபடி நடக்கிறான். முகம் தெரியவில்லை. ஊருக்கு முகம் எதற்கு? ரோஸ் நிறத்தில் கையுறை போடுகிறவன்தான் அவன் என்று இரண்டே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கீப்பரின் மகள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

“அது நீ இல்லைன்னு எனக்கே தெரியும். பொண்டாட்டி, புள்ளைன்னு குடும்பம் நடத்துறவன். இல்லாததை இல்லைன்னு சொல்ல என்ன கேடு?”

“அது அசிங்கம்னு நெனைக்கிறவன்தான் சார் ‘நான் இல்லை, நான் இல்லை’னு ஓடி ஓடிச் சொல்லணும். எனக்கு அதுல அசிங்கமா ஒண்ணும் தெரியல.”

“எனக்கு மட்டும் அசிங்கமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுக்குத்தான் சொல்றேன்.”

“காதுல விழாத மாதிரி ஆடுன்னீங்க. ஆடினேன். கத்தல் கொறைஞ்சுதா? இப்ப நான் இல்லைன்னா, ‘அப்ப எவன்டா அது?’ன்னு கேப்பாங்க. என் தலையில இருக்கிறதை இன்னொருத்தன் தலையில எறக்கி வெக்கச் சொல்றீங்களா?”

மூலையில் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த கேப்டன் நிமிர்ந்தான். அவன் முறைத்தால் தண்ணீர் பாட்டில்கூட நேராக நிற்கும் என்பார்கள். “சொல்லித் தொலைடா. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?”

“நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு” என்று கீப்பர் சீறினான்.

மேனேஜர் அசந்துபோனார். கேப்டனிடம் அப்படிப் பேச அந்த அணியில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நல்லவேளையாகக் கீப்பரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் அவர் அவளிடம் ஓடினார்.

“வாம்மா, நீயாவது எடுத்துச் சொல்லு. உனக்கும்தானே அவமானம்?”

“எனக்கென்ன சார் அவமானம்? பின் சீட்டுக்காரன் கத்தினான். ‘அது எம் புருஷன். எந்திரிச்சு நின்னு கத்து, எல்லாரும் உன் மூஞ்சியைப் பாக்கட்டும்’னேன். கப்சிப்னு ஆயிட்டான். ஒருத்தன் அடங்கினா அந்த வரிசையே அடங்குது சார். நீங்களும் மேல வந்து நாலு வரிசையைப் பாத்துக்கிட்டா என்ன?”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. ஜெர்சியில் பெயர் போட்ட கம்பெனி முதலாளி மேலே உட்கார்ந்திருக்கிறாரே என்ற கவலை அவருக்கு. கோபம் தலைக்கேறியது.

“முடிவாச் சொல்றேன். மைக்குல சொன்னா ஆடு. இல்லேன்னா மாத்து கீப்பர் இறங்கட்டும்.”

“இந்த மேட்சுக்காகத்தான் முழங்கால் ஆபரேஷனையே தள்ளி வெச்சிருக்கார்” என்றாள் மனைவி. கீப்பர் ஜெர்சியைக் கழற்றத் தொடங்கினான்.

கேப்டன் எழுந்தான். “சட்டையைப் போடுடா. சார், மைக்கை என்கிட்ட குடுங்க. நான் சொல்றேன்.”

“வேணாம்டா” என்று கீப்பர் அவன் கையைப் பிடித்தான்.

“விடு. எத்தனை நாளைக்கு என் வாய்க்கு நீ பூட்டு போடுவே?”

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பியது. கேப்டன் வாயால் வந்தால் எதிரணிக்காரனும் நம்புவான். நண்பன் என்றால் இவனல்லவா நண்பன் என்று நினைத்துக்கொண்டே, மைக்கைக் கொண்டுவந்து அவரே அவன் கையில் கொடுத்தார்.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்ட கீப்பரும் கேப்டனும் மைதானத்தின் நடுவே போய் நின்றார்கள். ரோஸ் கையுறையைப் பார்த்ததுமே கூட்டம் எண்ணத் தொடங்கிவிட்டது. கேப்டன் அவசரப்படவில்லை. அவர்கள் எட்டைத் தாண்டி, அடுத்ததையும் கத்தி, சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

“படத்துல இருக்கிறது இவன் இல்லை” என்றான் மைக்கில்.

மைதானம் கப்பென்று அடங்கியது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஆள் தெரியாம அவனைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க” என்ற கேப்டன், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஜெர்சியில் பெரிதாக எழுதியிருந்த 9-ஐக் கட்டைவிரலால் தட்டினான். “ஒம்போது நான்தான். இப்ப எண்ணுங்க, நான் போடப்போற கோலை!”