பொன்னுத்தாயிக்கு ஒரு பி.பி. கால்

கோட்டைச்சாமி தபாலாபீஸ் கவுண்டரில் முதலில் வைத்தது அரிவாளை. அதற்குப் பிறகுதான் மதுரை நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை வைத்தார்.

"பொன்னுத்தாயிக்கு ஒரு பி.பி. கால் போடும்மா. அவதான் வந்து பேசணும். வேற ஆளு வேணாம்."

டெலிபோன் போர்டின் முன்னால் இருந்த அன்னக்கிளி சீட்டைத் தொடாமல் அரிவாளையே பார்த்தாள். கோட்டைச்சாமிக்கு இரண்டு மகன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் பொன்னுத்தாயி. போன வாரம் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மதுரையில் அவன் வேலை பார்க்கும் அச்சாபீசின் பின்கட்டில் குடியிருக்கிறாள். அந்தக் காதல் வளர்ந்ததே அன்னக்கிளியின் போர்டு வழியாகத்தான்.

அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், இந்த மனுஷன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். இவருக்கு லைன் கொடுப்பதும் அந்தப் பிள்ளையின் கழுத்தைக் காட்டிக் கொடுப்பதும் ஒன்றுதான்.

அன்னக்கிளி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வயரை எந்தத் துளையிலும் செருகவில்லை. "காரைக்குடி, ஹலோ காரைக்குடி" என்று வெறும் காற்றோடு பேசினாள்.

"மதுரைக்குக் காரைக்குடி வழியாத்தான் போகணும், அந்த லைனே கெடைக்கலை. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்து என்னத்துக்கு? இப்பப் போடு."

கால் மணி நேரம் கழித்து, "மதுரையில மணி அடிக்குது. எடுக்க ஆளில்லை" என்றாள்.

"பட்டப்பகல்ல அச்சாபீசுல ஆளில்லாமப் போவுமா? மறுபடி போடு."

மூன்றாவது தடவை அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அப்பிடி ஒரு பொண்ணே அங்க இல்லைங்கிறாக. பி.பி. காலுக்குப் பேரு சொன்ன ஆளு வந்தாத்தான் லைன் குடுக்க முடியும்."

கோட்டைச்சாமி கவுண்டரில் ஓங்கி அறைந்தார். உள்ளங்கையைச் சுற்றியிருந்த துண்டில் புது ரத்தம் ஊறியிருந்தது. யாரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாரோ, அதைக் கேட்கும் நிலையில் அன்னக்கிளி இல்லை.

"பயந்துக்கிட்டு இல்லைங்கச் சொல்லியிருப்பா. அப்பன் மட்டுந்தான் பேசுறேன், வேற யாரும் இல்லைன்னு சொல்லு."

"என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்லிக்கிறேன்."

"எங்க வீட்டு விசயம் ஒனக்கு எதுக்கு? ஒஞ் சோலி லைன் குடுக்குறது. குடு."

"கவர்மென்ட் ஆபீசுக்கு அருவாளோட வந்துட்டு அதிகாரம் வேறயா? போலீசைக் கூப்பிடட்டா?"

"கூப்பிடு. அதுக்காச்சும் லைன் கெடைக்குதான்னு பாப்போம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அதை எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை.

"பன்னண்டரை பஸ்ஸு மதுரைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?"

"மூணுக்கு. அது போயி எவ்வளவோ நேரமாச்சு. அடுத்தது நாலு மணிக்குத்தான்" என்றாள் அன்னக்கிளி. அதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தாயி, இன்னும் ஒரே ஒரு தடவை போடு."

இவ்வளவு நேரம் போடு, குடு என்று விரட்டியவர் இப்போது தாயி என்கிறார். நடிப்பு என்று அன்னக்கிளி நினைத்தாள். நாலாவது முறையும் காற்றோடு பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கடிகாரம் மூன்று அடித்தது. கோட்டைச்சாமி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்னக்கிளி ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட தெம்பில் அவளுக்குக் குரல் உயர்ந்தது.

"வீட்டுக்குப் போங்க பெரியவரே. பெத்த மகளை வெட்ட ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்துச்சு? மொதல்ல இந்த அருவாளை எடுங்க."

கோட்டைச்சாமி அரிவாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது பெரியவன்கிட்டப் புடுங்குனது, தாயி. இன்னொண்ணோட சின்னவன் பன்னண்டரை பஸ்ஸுல போயிட்டான்."