சுருக்கச் சுருக்க

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் அக்கா மூன்றாவதாக வந்த பழைய வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடத் தம்பி துடித்தான். ஃபைல் பெரிது, போகமாட்டேன் என்றது. எம்பி4 ஆக மாற்றிச் சுருக்கினான். ஓட்டிப் பார்த்தால் அக்கா இரண்டாவதாக வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி சுருக்கினான். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆனால் எல்லைக்கோட்டில் சிவப்பு ரிப்பனை அறுத்தது சாட்சாத் அக்காவேதான்!

"மூணாவது மூணாவதுன்னு மானத்த வாங்குனீங்களே சித்தப்பா, இப்பப் பாருங்க!" என்று எழுதி அனுப்பினான். சித்தப்பாவுக்குக் கைதட்டி மாளவில்லை.

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாற்பத்தைந்து வயது அக்கா, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றாள். நெஞ்சுக்குக் குறுக்கே அறுந்த சிவப்பு ரிப்பன்.

"இன்னும் கொஞ்சம் சுருக்குடா," என்று சிரித்தாள். "காலு சும்மா பறக்குது!"