உள்கோடு

காலையில் நான் அழித்த கோடு மத்தியான வெயிலில் திரும்ப வந்து நின்றது.

யா அல்லா, என்ன வெள்ளை! நான் போட்ட புதுக் கோட்டைவிடப் பளிச்சென்று.

ஆம்பூரில் பிறந்தவள் நான். தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்து வளர்ந்தவள். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் அப்போதைக்குத்தான் மறையும், காய்ந்தால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்தான். பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்தது! பக்கெட் தண்ணீரை ஊற்றி, செருப்புக் காலால் தேய்த்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு தப்படி உள்ளே தள்ளி வேறு கோடு போட்டேன். அதன்பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு எங்கள் ஷூ கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் டே. பெண்கள் கிரிக்கெட்டுக்கு, பவுண்டரிக் கோடு போடுவது வரைக்கும், நான்தான் பொறுப்பு.

பூங்குழலிக்காகத்தான் செய்தேன்.

அவளுக்கு சோல் ஒட்டும் செக்‌ஷனில் வேலை. அணைக்கட்டு ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் கோச் சூரியபிரகாஷ் சார் இந்த மேட்ச்சைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் ஆயுசுக்கும் பசை டப்பாதான் என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லி என்னையும் பேஜார் பண்ணியிருந்தாள்.

அவளாக எதையும் கேட்கவில்லை. கோடு உள்ளே வந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அடித்தாளே ஒரு அடி! அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பந்து எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? பழைய கோடு இருந்த இடத்தில் ஸ்டிச்சிங் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். அவர்களே பந்தைப் பொறுக்கிப் பொறுக்கி உள்ளே எறிந்தார்கள். எனக்கு விசிலடிக்க வராது. இருந்தும் அடித்தேன்.

ஜெயிக்க வைத்த கடைசி சிக்ஸுக்கு மொத்தக் கும்பலும் உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டது. கும்பல் நகர்ந்த இடத்தில் பழைய கோடு தெரிந்தது.

கோச் சார் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, ரெண்டு கோடு இருக்குது? இவ்ளோ கிட்ட வச்சிக்கினா யாரு அடிச்சாலும் சிக்ஸுதான். இத நான் எப்படிம்மா கணக்குல எடுத்துக்கறது?"

பெண்கள் மேட்ச்சுக்கு எப்போதும் இப்படித்தான் போடுவோம் என்று சொன்னேன். மேனேஜர் பக்கத்தில் நின்றார். பூங்குழலியும் நின்றாள். நாக்கு கூசாமல் சொன்னேன்.

கோச் சார் அவளைப் பார்த்து, நல்லாத்தான் ஆடறே என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு ஷாமியானாவுக்குள் டீ குடிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பந்தைத் தேடுகிறேன் என்று இந்தப் பக்கம் ஓடிவந்துவிட்டேன்.

பந்து உள்கோட்டுக்குப் பக்கத்தில் இல்லை. வெளிக்கோட்டுக்குப் பக்கத்திலும் இல்லை.

அதையும் தாண்டி, ஒரு கம்பெனி பஸ்ஸையே நிறுத்தும் அளவுக்கு இடம் விட்டு, மதிலோரம் வேலிகாத்தான் புதர். பந்து அதன் கிளையில், என் தலைக்கு மேலே, முள்ளுக்குள் சிக்கியிருந்தது. தரையில் உருண்டு வந்த பந்து அவ்வளவு உயரம் ஏறி உட்காருமா? பறந்துதான் வந்திருக்கிறது.

நான் கோட்டைத் தொடாமல் இருந்திருந்தாலும் அது சிக்ஸ்தான். கோச் சார் கண்ணெதிரே, யாரும் வாய் திறக்க முடியாத சிக்ஸ்.

அவள் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் விஷயம். உதவி என்று நான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பாவி!

எம்பி எடுத்தேன். புறங்கையில் முள் நீளமாகக் கிழித்தது. எரிச்சலைப் பார்க்காமல் ஷாமியானாவை நோக்கி நடந்தேன். கோச் சார் இன்னும் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சார், இங்கே வந்து பாருங்கள் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

வெளிக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அப்படியானால் கோட்டை மாற்றியது யார் என்றுதானே முதலில் கேட்பார்? இப்போதுதானே அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன்? நாளைக்குக் கேன்டீனில் என்னைப் பார்த்து எத்தனை பேர் சிரிப்பார்கள்?

எதிரே பூங்குழலி வந்துகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

பந்து என் கையைவிட்டு விழுந்தது. இல்லை, விழவில்லை. நான்தான் போட்டேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே.

அவள் வந்து பந்தைப் பார்த்தாள். பிறகு வெளிக்கோட்டைப் பார்த்தாள்.

"இங்கயேதான் கெடந்துச்சாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

குனிந்து எடுத்தாள். நிமிரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ரத்தம் விரல் வரைக்கும் வந்திருந்தது.

"அய்ய, முள்ளு கிழிச்சிருக்குதேக்கா."

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. என் தோளுக்கு மேலே, மதிலோரத்து வேலிகாத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.