மேஜைக்கு அடியில் பம்சே

"மெத்துமெத்துன்னு ஏழு, மொறுமொறுன்னு ஏழு. பதினாலு கேக்கையும் ருசி பார்க்காம எவளும் எந்திரிக்கக் கூடாது" என்று காபியை ஊற்றினாள் கிரேத்தா.

எங்கள் டென்மார்க் தென்கோடியில் ஞாயிற்றுக்கிழமைக் காபி என்றால் அப்படித்தான். ஒன்றை விட்டாலும் வீட்டுக்காரியைக் கன்னத்தில் அறைந்த மாதிரி.

இங்கெர் மூன்றோடு முள்கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏன்டி, என் கைப்பக்குவத்துக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லடி. நான்தான் இளைக்க ஊசி போடுறேனே. ரெண்டு ஹார்மோன் மருந்தை ஒண்ணாக் கலந்தது. ஒண்ணு வயித்துகிட்ட ரொம்பிடுச்சுங்குது, இன்னொண்ணு மூளைகிட்ட போதும்டாங்குது. ரெண்டும் சேர்ந்து என் வாயைப் பூட்டிடுச்சு."

"பேச்சு மட்டும் எந்த ஓட்டை வழியா வருது?" என்றாள் லிஸ்பெத். யுட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாயைக் கட்டத் தெரியாதவளுக்குத்தான் ஊசி" என்றாள் கிரேத்தா. "எங்களைப் பாரு. மூணு பேரும் நடந்தே இளைச்சோம். தட்டையும் காலி பண்றோம்."

உண்மைதான். மூன்று பேரும் இந்த வருஷம் பாதியாகியிருந்தார்கள். மூன்று தட்டும் கழுவி வைத்தது போல இருந்தன.

"அடுத்த மாசம் உன் வீட்டு முறை, இங்கெர். சாப்பிடாதவ வீட்டுல உட்கார்ந்து நாங்க எப்படிச் சாப்பிடுறது? பேசாம இந்தக் காபிக் கூட்டத்துலேர்ந்து நீ நின்னுக்கயேன்" என்றாள் கிரேத்தா.

இங்கெருக்கு முகம் சுண்டிப்போனது. புருஷன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரிப்பது இந்த மேஜையில் மட்டும்தான்.

"இருங்கடி, சாப்பிட்டுடுறேன்."

நாலாவது கேக்கைக் குத்தினாள். முள்கரண்டி வழுக்கிக் கீழே விழுந்தது.

குனிந்து மேஜைத்துணியைத் தூக்கினாள்.

அடியில் கிரேத்தாவின் நாய் பம்சே பீப்பாய் மாதிரி கிடந்தது. மூன்று பக்கமிருந்தும் மூன்று கைகள் நீண்டிருந்தன, கைக்கு ஒரு கேக். பம்சே ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இங்கெர் துணியைப் பழையபடி இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பம்சே பாவம்டி, கிரேத்தா. மூணு பேர் பங்கை ஒண்டியா எத்தனை நாளைக்குத் தின்னும்? அதுக்கும் நம்ம ஊசியையே போட்டுடலாம்."

'நம்ம' என்றால் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. லிஸ்பெத் மட்டும் ஊசிப்பெட்டி தெரியத் திறந்திருந்த தன் கைப்பையை அவசரமாக மூடினாள்.

கிரேத்தா மெல்லக் கேட்டாள்.

"அடுத்த மாசம் நாங்க வரணும்னா... உன் வீட்டுல நாய் இல்லையே, இங்கெர்?"

"இல்லடி. அதனால கேக்கும் இல்ல. வெறும் காபிதான். தைரியமா வாங்க."