வலது கையின் கோடு

"ஒண்ணு என் கை மேடம். இன்னொண்ணு வீட்டோட மாப்பிள்ளை. பத்து மாசமா சாப்பிடுது, வேலை மட்டும் பார்க்க மாட்டேங்குது."

அச்சகக்காரர் சிரித்தபடியே இரண்டு கைகளையும் தலையணை மேல் நீட்டினார்.

அவருடைய சொந்த வலது கையைக் காகிதம் வெட்டும் இயந்திரம் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது, இறந்துபோன யாரோ ஒருவருடைய கை. யாருடையது என்று சொல்லக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. இடது கை குச்சி. வலது கை பொதபொதவென்று இருந்தது.

சோதனை செய்யும் பெண் சிரிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய சூட்டுத் தழும்பு. தழும்பின் மேல் ஒட்டினால் ரத்த ஓட்டம் சரியாகக் காட்டாது. ஒரு விரற்கடை தள்ளி மருந்துக் கிண்ணத்தை ஒட்டினாள். இடது கையிலும் அதேபோல் ஒன்று. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஊசி கிடையாது. லேசான மின்சாரம் மருந்தைத் தோலுக்குள் தள்ளும். மருந்து இறங்கினால் ரத்தக் குழாய்கள் விரியும், திரையில் கோடு ஏறும். கைக்கு ஒரு கோடு.

இன்றும் கோடு ஏறாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் மனிதர் இவ்வளவு ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. படுத்திருப்பவரின் பெயரை, அவர் எதிர்பாராத நேரத்தில் சத்தமாகக் கூப்பிடுவாள். தூக்கிவாரிப்போட்டால் தோலில் ரத்தம் சட்டென்று குறையும். கோட்டில் ஒரு குழி விழுந்து எழும்.

கூப்பிட்டாள்.

இடது கோட்டில் குழி விழுந்தது. வலது கைக்கு அது யாருடைய பெயரோ.

மின்சாரத்தைத் திறந்தாள். இடது கோடு மளமளவென்று ஏறியது. வலது கோடு படுத்த இடத்திலேயே கிடந்தது.

அச்சகக்காரர் ஜோக்கை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தன.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தக் கையைப் போகவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை.

குனிந்தாள். வாயை அந்தக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூங்குகிறவனை எழுப்புகிற குரலில் மெல்லச் சொன்னாள்.

"டேய் உருண்டை."

வலது கோட்டில் குழி விழுந்தது.

இடது கோடு அசையவே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியிலிருந்து கோடு எழுந்தது. ஏறியது. இடது கோட்டையும் தாண்டிப் போனது. கிண்ணத்தைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று சிவந்தது.

அச்சகக்காரர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ உளறினார். கை தப்பித்துவிட்டது.

அவள் கிண்ணத்தைப் பிரித்தெடுத்து ஈரத்தைத் துடைத்தாள். தழும்பையும் சேர்த்துத் துடைத்தாள்.

அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்ட சூடு அது. உருண்டை கத்தக்கூட இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் அடி விழும். கதவைச் சாத்திக்கொண்டு, மருந்து தடவி, எரிச்சல் அடங்கும்வரை வாயால் ஊதிவிட்டாள். அதுவரை அவன் அவளுடைய சுண்டுவிரலை விடவே இல்லை.

இப்போதும் ஈரம் காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.

பத்து மாதமாக அசையாத விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.

"நான் பிடிக்கலை மேடம்" என்றார் அச்சகக்காரர்.

"தெரியும்" என்றாள் அக்கா.