ஜெயசுதாவின் லைட் மீட்டர்

ஜெயசுதாவுக்குப் படம் எடுக்க வராது என்பது, மாப்பிள்ளை மணவறைக்கு வருவதற்குள்ளேயே கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை சாருஜன் தோளை நிமிர்த்திப் போஸ் கொடுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேர்வை வழிய, மணப்பெண்ணான சிநேகிதி மயூரியின் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மயூரி நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். கிளிக் என்று ஒரு சத்தம்? ம்ஹூம்.

மயூரியாவது மணப்பெண்ணுக்குரிய அடக்கத்தோடு குனிந்து உட்கார்ந்தாளா? அவளும் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரியான படப் பைத்தியம்" என்றாள் முன்வரிசைப் பட்டுச்சேலை ஒருத்தி. அவள் கையிலும் செல்ஃபிக்குத் தயாராக ஃபோன் இருந்தது. அது வேறு விஷயம்.

"ஏன் பிள்ளை, காவடி மாதிரித் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்? எப்ப எடுக்கப் போறாய்?" என்று வந்தாள் மயூரியின் தாய் இரஞ்சிதம். மண்டபம் அகதி முகாமில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

"எடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். இங்கன வெளிச்சம் மட்டமா இருக்கு."

"வெளிச்சம் மட்டமோ, நீ மட்டமோ? வேற ஆளைப் பிடிப்பம் எண்டு தலைப்பாடா அடிச்சன். என்ட சிநேகிதிதான் எடுக்கோணும் எண்டு இவள் ஒற்றைக்காலில நிண்டாள்!"

அடுத்து, தாய்மாமன் குணரத்தினம் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, கமெராவுக்குக் கீழ ஒரு ஃபோனை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருக்கு?"

"லைட் மீட்டர் மாமா."

"ஓ... லைட் மீட்டர்!" என்று பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். தெரியாததற்குத் தலையாட்டுவதில் ஆண்பிள்ளைகளை மிஞ்ச முடியாது.

அந்த லைட் மீட்டருக்குள் மயூரியின் அப்பா இருந்தார்.

கடலுக்கு அக்கரையில், இலங்கையின் மன்னாரில் ஒரு வேலியோரமாக வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, வீடியோ காலில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை மயூரியின் பக்கம் இருந்தது. சத்தத்தை அடைத்திருந்தாள் ஜெயசுதா.

'காணியைப் பார்த்துப்போட்டு வாறன்' என்று ஊருக்குத் திரும்பிய மனுஷன், அங்கே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். மயூரியை வளர்த்து, படிக்கவைத்து, இன்றைக்கு மணவறையில் உட்கார வைத்தது வரை எல்லாம் மாமன்தான். அந்த உரிமையில் நிச்சயதார்த்தத்தன்றே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார்.

"அவன்ட முகம் இந்தக் கலியாணத்தில தெரிஞ்சுதெண்டால், பாதியில நிண்டாலும் பரவாயில்லை, நான் எழும்பிப் போயிடுவன்."

செய்யக்கூடிய ஆள். "நல்லாச் சொன்னீங்கள் அண்ணா" என்று அதற்கு மேலே ஒரு கூடை சாபத்தையும் கொட்டினாள் இரஞ்சிதம்.

மறுநாள் மயூரி ராமநாதபுரத்தில், இருவரும் படித்த கல்லூரி வாசலில், ஜெயசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தாலி ஏறுறதை அப்பா பார்க்கோணும் சுதா. எனக்குப் படம் ஒண்டுகூட வேண்டாம்."

கேமராவில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றே தெரியாத பாம்பன்காரி ஜெயசுதா, தன் அண்ணனிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு வந்த கதை இதுதான்.

தாரை வார்க்கும் நேரம். மாமனும் மாமியும் மயூரியின் கையை சாருஜன் கையில் வைத்து, செம்பிலிருந்து நீரைச் சரித்தார்கள்.

மயூரி அந்தக் கையைப் பார்க்கவில்லை. சின்னத் திரையில், வேலியோரமாக, அப்பாவும் ஒரு செம்பை எடுத்து மண்ணில் சரித்துக்கொண்டிருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது.

மயூரியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "புகை, புகை" என்று ஐயர் விசிறியை எடுத்தார்.

கெட்டிமேளம். எல்லாரும் எழுந்தார்கள். குணரத்தினம் இந்த நேரம் பார்த்துத்தானா மணவறையை விட்டு இறங்கி வரவேண்டும்? நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று சால்வையைச் சரிசெய்தார்.

"எங்க, என்னையும் சேர்த்து வடிவா ஒண்டு எடு பிள்ளை..." கண்ணைச் சுருக்கினார். "உந்த மீட்டருக்குள்ள என்ன அசையுது?"

சாருஜன் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். மயூரியின் முகம் வெளுத்துப்போனது. அவளுக்குத் திரை தெரியவில்லை. திரைக்கு அவள் தெரியவில்லை. நடுவில் மாமனின் முதுகு.

"அண்ணா!" இரஞ்சிதத்தின் குரல் நாதஸ்வரத்தையே அமுக்கியது. "அங்கால சனம் கையில அறுகரிசி இல்லாமல் நிக்குது, நீங்கள் இஞ்ச நிண்டு படம் பிடிக்கிறியளோ? ஓடுங்கோ!"

மாமன் பதறி அட்சதைத் தட்டை நோக்கி ஓடினார். மயூரி நிமிர்ந்தாள். தாலி ஏறியது.

கூட்டம் பந்திக்குப் பாய்ந்தது. இரஞ்சிதம் விறுவிறுவென்று ஜெயசுதாவிடம் வந்தாள். ஜெயசுதா ஃபோனைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அம்மா... நான் வந்து..."

"வாயை மூடு. அதை நிப்பாட்டிப் போடாத."

இரஞ்சிதம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை அழுந்தத் துடைத்து, தலைமயிரை ஒதுக்கி, கட்டியிருந்த பழைய அரக்குச் சேலையின் முந்தானையை நீவி முன்னால் எடுத்துவிட்டாள்.

"இது எனக்கு அவர் எடுத்த கலியாணக் கூறை. மனுசனுக்கு அடையாளம் தெரியுதோ பார்ப்பம். ஒருக்கா இஞ்சால திருப்பு, பிள்ளை."